ஸ்டிட்ச் மார்க்கர்: பின்னல் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு முன் அறையில் ஏழெட்டுப் பேர் பின்ன உட்காருகிறோம். ஊசியையும் நூலையும் பற்றிக் கேட்பதைவிட இந்தக் குட்டி வளையத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வாரா வாரம் ஒரே பதிலைச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சொற்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளைவையும் கண்ணி என்று எழுதுகிறேன். நிட், பர்ல் (இரண்டும் அடிப்படைப் பின்னல் முறைகள்), யார்ன் ஓவர் ஆகியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன், வகுப்பில் எல்லோர் வாயிலும் அப்படித்தான் வருகிறது.

ஸ்டிட்ச் மார்க்கர் என்றால் என்ன? அது இல்லாமல் பின்ன முடியாதா?

ஊசியில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே மாட்டிவைக்கும் சின்ன வளையம். சில வகைகளை ஊசியில் மாட்டாமல், பின்னி முடித்த பகுதியில் ஒரு கண்ணியிலேயே கோத்துத் தொங்கவிடலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: "இந்த இடத்துக்கு வந்ததும் ஏதோ செய்யணும்" என்று உங்களுக்கு நினைவூட்டுவது.

முப்பது கண்ணியில் மஃப்ளர் பின்னுகிறவருக்கு இது வேண்டாம். கண்ணால் பார்த்தாலே எல்லாம் தெரியும். கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஸ்வெட்டர், காலுறை, லேஸ் சால்வை என்று போகும்போதுதான் தேவைப்படும். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த குன்னூர்ப் பெரியம்மா ஒரு மார்க்கர்கூட விலை கொடுத்து வாங்கியதில்லை. ஆனால் அவர் ஊசியில் எப்போதும் நாலைந்து சிவப்பு நூல் முடிச்சுகள் தொங்கும். மார்க்கர் இல்லாமலா பின்னினார்? கடையில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை வகை இருக்கிறது? முதலில் எதை வாங்குவது?

மூடிய வளையம் ஒன்று. பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வரும், திறக்காது, ஊசியில் மட்டும்தான் மாட்டலாம். ஒரு இடத்தில் வெட்டு விட்ட திறந்த வளையம் இன்னொன்று. மூன்றாவது பூட்டு மார்க்கர், ஊக்கு மாதிரி திறந்து மூடுவது, பெரும்பாலும் பளிச்சென்ற நிறங்களில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். நான்காவது பேரிக்காய் வடிவில் இருக்கும் சுருள் இல்லாத ஊக்கு. ஜவுளிக்கடையில் சட்டையோ சுடிதாரோ வாங்கினால் விலைச்சீட்டை ஒரு குட்டி ஊக்கில் தொங்கவிட்டிருப்பார்களே, அதேதான். நான் அவற்றைத் தூக்கிப்போடுவதே இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்த வீட்டில் ஒரு வருடத்துக்கான மார்க்கர் சேர்ந்துவிடும்.

ஒரே ஒரு வகைதான் வாங்குவேன் என்றால் பூட்டு மார்க்கரை வாங்குங்கள். ஊசியிலும் மாட்டலாம், துணியிலும் மாட்டலாம், தப்பான இடத்தில் மாட்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இருபது இருந்தால் ஒரு ஸ்வெட்டருக்கு மேலேயே போதும். திறந்த வளையத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது நினைத்தபோது விழும், வெட்டு விட்ட இடத்தில் நூலைக் கவ்வும்.

வளையம் எந்த அளவில் இருக்க வேண்டும்?

ஊசியைவிடக் கொஞ்சம் பெரியதாக. 4 மி.மீ. ஊசி என்றால் வளையத்தின் உள்வட்டம் 5 அல்லது 6 மி.மீ. இருந்தால் சுகமாக நகரும். ரொம்பச் சின்னதாக இருந்தால் ஊசியில் இறுகி நிற்கும், ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளி நகர்த்த வேண்டியிருக்கும்.

பெரிதாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். வளையம் பெரிதாகவோ தடிமனாகவோ இருந்தால் இரண்டு பக்கக் கண்ணிகளையும் விலக்கித் தள்ளும். நாற்பது வரி ஒரே இடத்தில் அப்படித் தள்ளினால் துணியில் அந்த இடம் மட்டும் ஏணிப்படி மாதிரி இடைவெளி விட்டுத் தெரியும். ஓரளவு இடைவெளி துவைத்து விரித்துக் காயவைத்ததும் சரியாகிவிடும், மெல்லிய நூலில் அப்படி நம்ப முடியாது. ஒருமுறை வகுப்புக்கு ஒரு பெண் தன் பழைய வெள்ளி மெட்டியைக் கொண்டுவந்து ஊசியில் மாட்டினார். பார்க்க ராணி மாதிரி இருந்தது. ஐந்து வரி போவதற்குள் பக்கத்துக் கண்ணி இரண்டும் விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டன.

காசு கொடுத்து வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமா?

தாராளமாக. என் கணக்கில் உலகத்திலேயே சிறந்த மார்க்கர் ஒரு துண்டு நூல்தான். பின்னும் நூலுக்கு எடுப்பான வேறு நிறத்தில், வழுவழுப்பான பருத்தி நூல் பத்து சென்டிமீட்டர் வெட்டுங்கள். இரண்டாக மடித்து, ஊசி தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு சுருக்கு விட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரே முடிச்சுப் போடுங்கள். வாலைச் சுத்தமாக நறுக்க வேண்டாம், இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும், பிடித்து நகர்த்த வசதியாக இருக்கும். தடிமன் இல்லாததால் துணியில் இடைவெளி விழாது. உலோகம் இல்லாததால் துருப்பிடிக்காது. தவறிப்போய்ப் பின்னலுக்குள் சிக்கினாலும் கத்தரியால் வெட்டி உருவிவிடலாம். உல்லன் நூலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அதன் பிசிறு உங்கள் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஸ்வெட்டரில் சிவப்புப் பிசிறு ஒட்டினால் எடுக்கவே முடியாது.

ஸ்ட்ராவை வளையம் வளையமாக நறுக்கி மாட்டுவது பழைய வித்தை. 2022 ஜூலையில் நாடு முழுக்க பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்துவிட்டது. அதன்பின் கடையில் தரும் காகித ஸ்ட்ராவை நறுக்கினால் இரண்டாம் நாளே பிரிந்துவிடுகிறது. பழைய பேனா ரீஃபிலை நறுக்கிய ஆட்களும் உண்டு. மை மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண சேஃப்டி பின் அவசரத்துக்கு ஓகே, ஆனால் அதன் அடியில் இருக்கும் சுருளுக்குள் நூல் போய் மாட்டிக்கொள்ளும். கூர்முனை நூலின் இழைகளுக்கு நடுவே குத்திப் பிரித்தும் விடும். ரப்பர் பேண்ட் ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது. காகித கிளிப் பரவாயில்லை ரகம். சில்க் த்ரெட் கம்மல், வளையல் செய்கிறவர்கள் வீட்டில் ஜம்ப் ரிங் என்ற குட்டி உலோக வளையம் கிடக்கும், அதை மார்க்கராக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆக்கலாம், ஆனால் வளையத்தின் இரண்டு முனையும் முட்டும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் நூலும் தடுக்கும். அந்த இடத்தில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்துக் காயவிட்டால் தடுக்குவது நிற்கும்.

பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், பி.எம்., எஸ்.எம்., ஆர்.எம். என்று வருகிறதே, அதெல்லாம் என்ன?

ஆங்கிலச் சுருக்கங்கள்தான். பி.எம். என்றால் பிளேஸ் மார்க்கர், இங்கே ஒரு மார்க்கர் மாட்டு. எஸ்.எம். என்றால் ஸ்லிப் மார்க்கர், மாட்டியிருக்கும் மார்க்கரை இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அப்படியே நகர்த்து. ஆர்.எம். என்றால் ரிமூவ், கழற்று. பி.ஓ.ஆர். என்று பார்த்தால் அது சுற்றின் தொடக்கம்.

மார்க்கர் கண்ணி அல்ல. "எட்டு கண்ணி நிட், எஸ்.எம்., எட்டு கண்ணி நிட்" என்றால் மொத்தம் பதினாறுதான். மார்க்கரையும் ஒரு கண்ணியாக எண்ணி, ஒவ்வொரு பிரிவிலும் ஒன்று குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட மாணவியை எனக்குத் தெரியும். அதைவிட மோசம், மார்க்கருக்குள்ளேயே ஊசியை விட்டு அதையும் நிட் செய்வது. அதுவும் நடந்திருக்கிறது.

200 கண்ணி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தவறுகிறது. என்ன செய்ய?

இருபதுக்கு ஒரு மார்க்கர் மாட்டுங்கள். இருபது கண்ணி ஏற்றினீர்களா, ஒரு மார்க்கர். அடுத்த இருபது, இன்னொரு மார்க்கர். கேஸ் அடுப்பில் பால் பொங்கினாலும், கொரியர் பையன் மணி அடித்தாலும் எழுந்து போய் வந்து, கடைசி மார்க்கருக்குப் பிறகு இருப்பதை மட்டும் எண்ணினால் போதும். முதல் வரி பின்னும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். இந்த ஒரு வேலைக்காகவே மார்க்கர் வாங்கலாம் என்பேன்.

வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது எங்கே மாட்டுவது?

சுற்று தொடங்கும் இடத்தில் ஒன்று, கட்டாயம். அது மற்ற மார்க்கர்களிலிருந்து நிறத்தில் வேறுபட்டு இருக்கட்டும். நிறம் பிரித்துப் பார்ப்பது சிரமம் என்றால் வடிவத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் வளையம் என்றால் இது ஊக்காக இருக்கட்டும். நான் எப்போதும் தொடக்கத்துக்கு மஞ்சள். வேறு காரணமில்லை, மஞ்சள் முதலில் வரணும் என்று கை பழகிவிட்டது.

நாலைந்து குட்டி ஊசிகளில் காலுறை பின்னுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சுற்று தொடங்கும் இடம் ஊசியின் முனையிலேயே வரும், அங்கே மாட்டிய வளையம் ஊசி மாற்றும்போது நேராகத் தரையில் விழும். நீண்ட வட்ட ஊசியை இரண்டாக மடித்துப் பின்னும் மேஜிக் லூப் முறையிலும் இதே கதை. இதற்கு வழி, ஊசியை விட்டுவிட்டு, முதல் கண்ணிக்குக் கீழே துணியிலேயே பூட்டு மார்க்கரைக் கோத்துவிடுவது. பத்து வரிக்கு ஒருமுறை மேலே ஏற்றிக்கொண்டால் போதும்.

கழுத்திலிருந்து கீழே பின்னும் ராக்லன் ஸ்வெட்டருக்கு நான்கு மார்க்கர் என்கிறார்கள். எதற்கு நான்கு?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்க்கர் நிஜமாகவே உழைக்கும் இடம் இதுதான்.

ராக்லன் ஸ்வெட்டரில் கழுத்திலிருந்து அக்குள் வரை நான்கு சாய்வுக் கோடுகள் ஓடும். முதுகு, ஒரு கை, முன்பக்கம், இன்னொரு கை என்று நான்கு பங்கு, நடுவே நான்கு கோடு, கோட்டுக்கு ஒரு மார்க்கர். ஒவ்வொரு மார்க்கருக்கும் முன்னால் ஒரு கண்ணி, பின்னால் ஒரு கண்ணி கூட்ட வேண்டும். நான்கு மார்க்கருக்கு எட்டு. வழக்கமாக ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டுவோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கழுத்துக்கு 80 கண்ணி. முதுகு 28, கை 12, முன்பக்கம் 28, கை 12. ஒரு கூட்டல் சுற்றுக்கு ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆகப் பங்குக்கு இரண்டு ஏறும். பத்துக் கூட்டல் சுற்று முடிந்தால் முதுகு 48, கை 32, முன்பக்கம் 48, கை 32. மொத்தம் 160.

இப்போது மார்க்கர் இல்லாமல் 160 கண்ணியை எண்ணுகிறீர்கள் என்று வையுங்கள். 159 வருகிறது. எங்கே போயிற்று அந்த ஒன்று? தெரியாது. முழுச் சுற்றையும் துழாவ வேண்டும். மார்க்கர் இருந்தால் பங்கு பங்காக எண்ணலாம். இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. 28, 12 இரண்டுமே இரட்டைப்படை, ஏறுவதும் இரண்டிரண்டாக. ஆகவே எந்தச் சுற்றிலும் எந்தப் பங்கிலும் ஒற்றைப்படை வரவே கூடாது. கண்ணிகளை இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மார்க்கருக்கு முன்னால் ஒன்று தனியாக நின்றால் தப்பு அந்தப் பங்கில்தான்.

போன மார்கழியில் என் அண்ணன் மகளுக்கு நீல ஸ்வெட்டர் பின்னும்போது வலது கையில் 25 வந்தது. அந்தப் பங்கின் இரண்டு ஓரத்தையும் மட்டும் பார்த்தேன். இடது ஓரத்தில் கோடு ஒழுங்காகக் கீழே இறங்கியது, வலது ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் படி தவறியிருந்தது. இரண்டு சுற்றுக்குக் கீழே கூட்ட மறந்திருக்கிறேன். பிரிக்கவே இல்லை. அந்த இடத்தில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஓடும் குறுக்கு நூலை, முனையில் கொக்கி உள்ள குரோஷே ஊசியால் தூக்கி, முறுக்கி, மேலே இரண்டு சுற்று ஏற்றி ஊசியில் போட்டேன். ஐந்து நிமிடம்.

காலுறையிலும் இதே தந்திரம்தான். 64 கண்ணிக் காலுறையில் பாதத்தின் மேல்பக்கம் 32. குதிகாலின் பக்கவாட்டில் கண்ணி எடுத்தபிறகு அந்த 32-ன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மார்க்கர் மாட்டிவிட்டால், கூடுதல் கண்ணிகளை எங்கே குறைப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

லேஸ் பின்னும்போது மார்க்கர் தானாக இடம் மாறுகிறது. பேயா பிசாசா?

யார்ன் ஓவர்தான் அந்தப் பேய். யார்ன் ஓவர் என்பது ஊசிமேல் சும்மா போட்டுவிட்ட நூல், கீழே அதற்குப் பிடிமானம் இல்லை. மார்க்கரை ஒட்டி யார்ன் ஓவர் வந்தால், அடுத்த வரியில் அந்த நூலுக்கு அடியில் மார்க்கர் நழுவி மறுபக்கம் போய்விடும். நீங்கள் எண்ணினால் ஒரு பிரிவில் ஒன்று கூட, பக்கத்துப் பிரிவில் ஒன்று குறைய. மொத்தம் சரியாக இருக்கும், பங்குதான் தப்பு. அப்படி வந்தால் கண்ணியைத் தேடாதீர்கள், மார்க்கரைப் பாருங்கள். நூலைத் தூக்கி மார்க்கரை அதன் வீட்டுக்கு அனுப்பினால் முடிந்தது. திரும்பி வரும் வரியில் மார்க்கரைத் தாண்டும்போதெல்லாம் விரலால் யார்ன் ஓவரை அழுத்திப் பிடித்துக்கொண்டால் நழுவாது.

முதல் லேஸுக்கு நான் எல்லோருக்கும் கொடுப்பது ஃபெதர் அண்ட் ஃபேன். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் பின்னும் அலை அலையான டிசைன். 18 கண்ணிக்கு ஒருமுறை திரும்பும். இரண்டிரண்டாகச் சேர்த்து நிட் மூன்று முறை, யார்ன் ஓவரும் ஒரு நிட்டும் ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை. ஆறு கண்ணி குறைகிறது, ஆறு ஏறுகிறது, 18 அப்படியே நிற்கும். நாலு வரி டிசைனில் இந்த வித்தை ஒரு வரியில் மட்டும்தான், மற்ற மூன்றும் சாதா வரி. எனக்கு இது பிடிக்க இன்னொரு காரணம், யார்ன் ஓவர் எல்லாம் 18-க்கு நடுவில் இருக்கிறது, ஓரத்தில் இல்லை. மார்க்கர் நழுவ வழியே கிடையாது. 180 கண்ணியும் இரண்டு பக்கமும் நாலு நாலு ஓரக் கண்ணியும் என்றால் பதினோரு மார்க்கர் மாட்டி, பதினெட்டு பதினெட்டாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

சில டிசைன்களில் மூன்று கண்ணியை ஒன்றாகச் சேர்க்கும் இடம் மார்க்கருக்கு இரண்டு பக்கமும் பரவி வரும். அங்கே மார்க்கரைக் கழற்றி, மூன்றையும் சேர்த்து, பேட்டர்ன் சொல்லும் பக்கத்தில் திரும்ப மாட்டுங்கள். மூடிய வளையம் ஊசியிலிருந்து வர, பக்கத்துக் கண்ணியை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பூட்டு மார்க்கராக இருந்தால் திறந்து எடுத்துவிடலாம்.

லைஃப்லைன் என்பதும் மார்க்கரும் ஒன்றா?

இல்லை. லைஃப்லைன் என்பது ஒரு வரிக் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் ஓட்டிவைக்கும் மெல்லிய நூல், மேலே தப்பு நடந்தால் அந்த வரி வரை தைரியமாகப் பிரிக்கலாம். ஓட்டும்போது மார்க்கருக்குள் நூலை விட்டுவிடாதீர்கள். மூடிய வளையம் லைஃப்லைனில் மாட்டி, அந்த வரியோடேயே நின்றுபோகும்.

ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி ஓடிவிட்டது. மார்க்கர் உதவுமா?

உடனே உதவும், அதனால்தான் ஒரு பூட்டு மார்க்கரைப் பின்னல் பையின் வாயிலேயே மாட்டிவைக்கச் சொல்கிறேன். நழுவிய கண்ணி இழுக்க இழுக்க ஏணி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். பதறி ஊசியை ஆட்டாதீர்கள். துணியைத் தட்டையாக மடியில் வைத்து, ஓடிய கண்ணியின் வளைவைத் தேடி அதில் பூட்டு மார்க்கரைக் கோத்து மூடுங்கள். சரி, இனி அது எங்கேயும் போகாது. தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அப்புறம் குரோஷே ஊசியால் ஒவ்வொரு குறுக்கு நூலாக இழுத்து மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

வரிகளை எண்ண மார்க்கர் பயன்படுமா?

பத்தாவது வரியில் ஒன்று கோத்துவிடுங்கள், இருபதில் இன்னொன்று, முப்பதில் இன்னொன்று. இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பின்னுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். முதல் கையில் கோத்ததை எடுக்காமல், இரண்டாவது கையைப் பக்கத்தில் வைத்து மார்க்கருக்கு மார்க்கர் ஒப்பிட்டால் ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்ற பேச்சே வராது.

எல்லா வரியும் நிட் செய்யும் கார்ட்டர் துணியில் இரண்டு வரிக்கு ஒரு மேடு எழும்பும், அதனால் மேட்டை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அந்தத் துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எது நல்ல பக்கம் என்று மறந்துவிடும். நல்ல பக்கத்தில் ஒரு மார்க்கர் தொங்கட்டும்.

மார்க்கர் எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கே இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊசியைப் பார்க்காமல் துணியைப் பாருங்கள். ராக்லன் என்றால் சாய்வுக் கோடு கண்ணுக்குத் தெரியும், அந்தக் கோடு ஊசியைத் தொடும் இடம்தான் மார்க்கரின் இடம். லேஸ் என்றால் துளைகள் நேர்க்கோட்டில் அடுக்கியிருக்கும். சுற்றின் தொடக்கம் தெரியவில்லை என்றால், கண்ணி ஏற்றும்போது விட்ட நூல் வால் கீழே தொங்குமே, அதிலிருந்து செங்குத்தாக ஒரே கண்ணி வரிசையைப் பின்பற்றி மேலே வாருங்கள். இரண்டு மூன்று முறை மார்க்கரைத் தொலைத்தவர்கள் துணியைப் படிக்கக் கற்றுக்கொள்வதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே தொலைக்கச் சொல்லவில்லை.

மார்க்கர் துணிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பிரிக்கணுமா?

மூடிய வளையம் என்றால் இரண்டே வழி. அந்த வரி வரை பிரிப்பது, அல்லது மார்க்கரைத் தியாகம் செய்வது. நான் எப்போதும் இரண்டாவது வழி. பிளாஸ்டிக் வளையத்தை நகம்வெட்டியே நறுக்கிவிடும், உலோகத்துக்குக் கட்டிங் பிளையர் வேண்டும். நூலை விலக்கி, வளையத்தைத் துணியிலிருந்து தள்ளிப் பிடித்து வெட்டுங்கள். அவசரப்பட்டு நூலையும் சேர்த்து வெட்டிவிட்டு அழுத ஒருவர் இந்த அறையில் உண்டு, இதை எழுதுகிறவர்தான்.

குரோஷேவுக்கும் இதையே பயன்படுத்தலாமா?

பூட்டு மார்க்கரும் நூல் துண்டும் சரி, மூடிய வளையம் கூடாது. குரோஷேயில் ஊசியில் ஒரு கண்ணிதான் நிற்கும், மற்றதெல்லாம் முடிந்துவிட்ட துணி. வளையத்தை மாட்டினால் கழற்ற வழியே இல்லை. ஜப்பானிலிருந்து வந்த அமிகுருமி பொம்மைகளைச் சுருள் சுருளாக, சுற்று முடியும் இடமே தெரியாமல் பின்னுவோம். 6 கண்ணியில் தொடங்கி 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறாக ஏறும். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் மார்க்கரை மாற்றி மாற்றிக் கோக்காவிட்டால், யானைக்குட்டிக்கு ஒரு பக்கத் தலை வீங்கிவிடும்.

ஷார்ட் ரோவுக்கு மார்க்கர் எப்படி?

வரியை முடிக்காமல் பாதியில் திரும்புவதுதான் ஷார்ட் ரோ. இதில் பல முறை உண்டு, மார்க்கர் கட்டாயம் வேண்டியது ஜப்பானிய முறைக்கு. திரும்பியதும் பின்னும் நூலிலேயே ஒரு பூட்டு மார்க்கரைக் கோத்துவிட்டுத் தொடர்ந்து பின்னுங்கள். பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போது மார்க்கரைப் பிடித்து இழுத்தால் ஒரு நூல் வளைவு எழும்பும். அதை இடது ஊசியில் ஏற்றி, அடுத்த கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் துளை விழாது. இங்கே கனமில்லாத பிளாஸ்டிக் மார்க்கர் நல்லது.

மணி, பொம்மை தொங்கும் அழகு மார்க்கர்கள் வாங்கலாமா?

ஆசைக்கு ஒன்று வாங்குங்கள். சுற்றின் தொடக்கத்தில் அது தொங்கினால் சந்தோஷம்தான். பதினோரு மார்க்கரும் மணி வைத்தது என்றால் நூலில் சிக்கிக்கொண்டே இருக்கும், மெல்லிய லேஸ் நூல் என்றால் கேட்கவே வேண்டாம்.

உலோக மார்க்கர் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்த வருடங்களில், பாதி பின்னி மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் கிடந்த ஒரு வெளிர் ரோஸ் குட்டி ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தால், சேஃப்டி பின் மாட்டியிருந்த நாலு இடத்திலும் காவிக்கறை. எலுமிச்சை, உப்பு, எதற்கும் அசையவில்லை. கடைசியில் அந்த நாலு இடத்திலும் குட்டிப் பூ தைத்து மறைத்தேன். அதிலிருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் உலோகத்தை எடுத்துவிட்டு நூல் துண்டு மாட்டிவிடுகிறேன். தண்ணீரில் நனைப்பதற்கு முன்னாலும் ஒரு முறை துணியைத் தடவிப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

எத்தனை மாட்டினால் அதிகம்?

பேட்டர்ன் சொல்வதற்கெல்லாம் மாட்ட வேண்டியதில்லை, சொல்லாத இடத்தில் மாட்டவும் தயங்க வேண்டியதில்லை. நீங்கள் எங்கே தவறுகிறீர்களோ அங்கே மாட்டுங்கள். கயிறு மாதிரி தெரியும் கேபிளை முறுக்குவதை மறப்பவர் கேபிளுக்கு முன்னால், ஓரக் கண்ணியை மறப்பவர் ஓரத்துக்கு முன்னால். டிசைன் கைக்குப் பழகி, மார்க்கர் வருவதற்கு முன்பே கை தானாகச் செய்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். நகர்த்துவதற்கும் நேரம் பிடிக்கிறதே.

எதில் போட்டு வைப்பது? வாங்கிய ஒரு மாதத்தில் பாதி காணோம்.

எங்கள் வீட்டில் மூடி திருகும் பழைய குங்குமச் சிமிழ். நன்றாகக் கழுவிக் காயவைத்தது, இல்லாவிட்டால் முதல் வெள்ளை நூலிலேயே பூஜை நடந்துவிடும். மாத்திரை டப்பாவும் நல்லது, அறை அறையாக இருப்பதால் நிறம் பிரித்துப் போடலாம். சோபா இடுக்கில் விழுந்த உலோக மார்க்கரை எடுக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். தவழும் குழந்தை இருக்கும் வீடு என்றால் மார்க்கரோ காந்தமோ கைக்கெட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம், இரண்டும் நேராக வாய்க்குத்தான் போகும். நான் பின்னி முடித்ததும் எண்ணிப் போடுகிறேன். இருபது இருக்க வேண்டியது பத்தொன்பது என்றால், முதலில் என் புடவைக் கொசுவத்தை உதறிப் பார்ப்பேன்.